முதல் தோட்டாவுக்கு எந்த டிரிகர்?

பிஸ்டல் தேர்வு செய்ய உட்காருகிறவர்கள், அது சுடுதல் சங்கமாக இருந்தாலும் சரி, காவல் துறையின் கொள்முதல் குழுவாக இருந்தாலும் சரி, முதலில் தோட்டாவைப் பற்றித்தான் பேசுவார்கள். 9 மி.மீ. போதுமா, .45 வேண்டுமா, தோட்டாப் பெட்டியான மேகசினில் எத்தனை பிடிக்கும், எடை எவ்வளவு என்று பேச்சு நீளும். டிரிகர் கடைசியில் வரும். வந்தாலும் "லேசாக இருக்கிறதா, கனமாக இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிஸ்டலோடு பழகும் ஆண்டுகள் முழுவதும் கை பேசிக்கொண்டிருப்பது டிரிகரோடுதான். விபத்து நடந்தாலும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

டிரிகரிடம் நாம் கேட்பது மூன்று. எடுத்த உடனே சுடத் தயாராக இருக்க வேண்டும். இழுக்கும்போது குறி கலையக் கூடாது. சுட நினைக்காத நேரத்தில் சுடவே கூடாது. முதல் இரண்டையும் கூட்டிக்கொண்டே போனால் மூன்றாவது மெலிந்துபோகும். மூன்றாவதை இறுக்கினால் முதல் இரண்டும் அடி வாங்கும். 1890கள் முதல் இன்றுவரை வடிவமைப்பாளர்கள் செய்ததை ஒரே கேள்வியில் அடக்கலாம்: அந்தப் பாதுகாப்பை எங்கே வைப்பது? கட்டைவிரலிலா, உள்ளங்கையிலா, ஆள்காட்டி விரலிலா, அல்லது யார் கையும் படாமல் உள்ளே இருக்கும் உலோகத் துண்டிலா? இதற்கு அவர்கள் கொடுத்த வெவ்வேறு பதில்கள்தான் இன்று நம் முன்னால் இருக்கும் தேர்வுகள்.

ஒப்பிடுவதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் வேலை முழுவதையும் விரல் செய்கிறது. விரல் இழுத்தால் உருளை சுழலும், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியல், அதாவது ஹாமர், பின்னால் போகும், பிறகு விழும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில், சுட்ட வேகத்தில் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதி, பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே எறிந்து, ஹாமரை மீண்டும் ஏற்றி, புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்துவிடும். கண் இமைப்பதற்குள் இது முடிந்துவிடுகிறது. சுட்டவரின் விரல் அப்போதும் டிரிகரை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் ஹாமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கிக்கு, அதாவது சியருக்கு, டிரிகரோடு இருக்கும் தொடர்பு அறுந்தாக வேண்டும். அறுக்காவிட்டால் ஹாமர் நிற்காது.

இந்தத் தொடர்பை அறுக்கும் சின்னத் துண்டுதான் டிஸ்கனெக்டர். கோல்ட் 1911 பிஸ்டலில் அது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டித் தண்டு. ஸ்லைடு முழுவதும் முன்னால் வந்து பூட்டிக்கொண்டால்தான் ஸ்லைடின் அடியில் இருக்கும் பள்ளம் அந்தத் தண்டுக்கு நேராக வரும், தண்டு மேலே எழும், டிரிகரும் சியரும் சேரும். ஸ்லைடு கொஞ்சம் பின்வாங்கினாலும் தண்டு கீழே அமுங்கி, தொடர்பு போய்விடும். விரலை முன்னால் விட்டால்தான் மறுபடி சேரும். அப்படிச் சேரும்போது விரலில் தட்டும் "டிக்" என்ற உணர்வுக்கு ரீசெட் என்று பெயர். இதைப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

சிங்கிள் ஆக்‌ஷன்: பழையது, இன்றும் முதலிடத்தில்

முதல் தலைமுறையில் எல்லாமே இதுதான். ஹ்யூகோ போர்ச்சார்ட்டின் 1893 மாடல், மவுசர் சி96, அதன் பிறகு லூகர். இவற்றில் டிரிகருக்கு ஒரே ஒரு வேலை: ஏற்கெனவே ஏற்றி நிற்கும் ஹாமரையோ ஸ்டிரைக்கரையோ விடுவிப்பது. ஸ்டிரைக்கர் என்பது ஹாமருக்குப் பதிலாக ஸ்பிரிங் விசையில் நேராகப் பாய்ந்து தோட்டாவை அடிக்கும் ஊசி. வேலை குறைவு என்பதால் இழுப்பு குறுகியதாகவும் லேசாகவும் இருக்க முடியும்.

ஆனால் "முடியும்" என்பது வேறு, "இருக்கும்" என்பது வேறு. லூகரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க எவ்வளவு அழகு! அதன் டிரிகர் அசைவு நேராகப் போவதில்லை. பக்கவாட்டுத் தகட்டுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோல் வழியாகத் திரும்பி, மேலே பக்கத்தில் இருக்கும் சியரைத் தொடுகிறது. வழியில் இத்தனை திருப்பம் இருப்பதால் நல்ல இழுப்பு அமைவது அபூர்வம். சிங்கிள் ஆக்‌ஷன் என்ற பெயர் மட்டும் நல்ல டிரிகருக்கு உத்தரவாதம் தராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வேறு வழியில் போனார். அவருடைய 1911-இல் டிரிகர் ஒரு ஆணியில் தொங்கி ஊசலாடுவதில்லை. மேகசினைச் சுற்றி வளைத்துப் போகும் ஒரு சட்டத்தோடு சேர்ந்து நேர்கோட்டில் பின்னால் நகர்கிறது. அதன் பின்முனை டிஸ்கனெக்டரைத் தள்ளும், டிஸ்கனெக்டர் சியரைத் தள்ளும், ஹாமர் விழும். அவ்வளவுதான். மூன்று விரல் போல் பிளந்த ஒரே தட்டை ஸ்பிரிங், சியர், டிஸ்கனெக்டர், பிடிச் சேஃப்டி மூன்றையும் கவனித்துக்கொள்கிறது. விரல் எங்கே வைத்து அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே உணர்வு. நூற்றாண்டு கடந்தும் துல்லியப் போட்டிகளில் இந்த அமைப்பு நிற்பதற்குக் காரணம் இந்த நேர்கோடு.

பாதுகாப்புக்கு 1911-இல் இரண்டு ஏற்பாடுகள்: உள்ளங்கை அழுத்தினால்தான் டிரிகர் நகரும் பிடிச் சேஃப்டி, கட்டைவிரலால் கீழே தள்ளும் சேஃப்டி. இதற்குப் பின்னால் குதிரைப்படை இருந்தது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் பிஸ்டல், அடியில் மிரளும் குதிரை. அந்த நிலையில் ஹாமரைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. ஹாமர் ஏறியபடியே பூட்டி உறையில் போட ஒரு வழி தேவைப்பட்டது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் 1985 வரை அதன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

இதன் விலை கட்டைவிரலில் இருக்கிறது. எடுக்கும்போது சேஃப்டியைத் தள்ளுவது யோசிக்காமல் நடக்க வேண்டும். உறையில் வைக்கும் முன் திரும்ப மேலே ஏற்றுவது அதைவிட முக்கியம். பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை தகுதித் தேர்வுக்காக மட்டும் சுடுகிற கைக்கு இது பெரிய சுமை. பதற்றத்தில் சேஃப்டியைத் தள்ள மறந்து டிரிகரை இழுத்துக்கொண்டே நிற்பவர்களைப் பயிற்சிக் களத்தில் எந்தப் பயிற்சியாளரும் பார்த்திருப்பார்.

1983-இல் கோல்ட் நிறுவனம் சீரிஸ் 80 என்ற பெயரில், தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு, டிரிகரை இழுத்தால்தான் விலகும் ஒரு தடையைச் சேர்த்தது. பிஸ்டல் கீழே விழுந்தாலும் சுடாமல் இருக்க அது உதவும். கூடுதல் நெம்புகோல்கள் டிரிகரின் சுத்தத்தைக் கெடுக்கின்றன என்று போட்டியாளர்கள் அன்று முதல் புலம்புகிறார்கள். நான் இதில் சீரிஸ் 80 பக்கம். இலக்கை மட்டும் பார்த்துச் சுடுகிறவருக்கு அது வேண்டாம். இடுப்பில் சுமக்கிறவருக்கு அது இருக்கட்டும்.

பிரவுனிங் ஹை-பவர் என்ற பிஸ்டலைப் பற்றி இரண்டு வரி. பிரவுனிங் 1926-இல் இறந்த பிறகு பெல்ஜிய வடிவமைப்பாளர் தியதோனே செவ் முடித்த வடிவம் அது. மேகசின் அகலமானதால் டிரிகரின் அசைவை ஸ்லைடுக்குள் ஒரு நெம்புகோல் வழியாக அனுப்ப வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, மேகசினைக் கழற்றினால் சுடாதபடி ஒரு தடையும் சேர்ந்தது. அந்தத் தடை மேகசினின் முகத்தில் உரசிக்கொண்டே நகர்வதை விரல் உணரும். கொள்ளளவு கூடியது, டிரிகர் கெட்டது. வடிவமைப்பில் இலவசமாக எதுவும் வருவதில்லை.

டபுள் ஆக்‌ஷன்/சிங்கிள் ஆக்‌ஷன்: இரண்டு டிரிகர் கொண்ட ஒரே பிஸ்டல்

ஹாமர் ஏறி நிற்பதைப் பார்த்தாலே பலருக்குப் பயம். அதை இறக்கி வைத்துவிட்டு, முதல் தோட்டாவை மட்டும் ரிவால்வர் போல நீள இழுத்துச் சுட்டால் என்ன? செக் வடிவமைப்பாளர் அலோய்ஸ் தோமிஷ்கா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே "லிட்டில் டாம்" என்ற சின்னப் பிஸ்டலில் இதைக் காட்டினார். ஆனால் உலகம் கவனித்தது 1929-இல், வால்தர் பிபி வந்தபோது. 1938-இல் ஜெர்மானிய ராணுவம் லூகருக்குப் பதிலாக ஏற்ற வால்தர் பி38, இதே யோசனையை முழு வலுவுள்ள 9 மி.மீ. தோட்டாவுக்குக் கொண்டுபோனது.

நடைமுறையில் இது இப்படி: தோட்டா ஏற்றியதும் ஹாமரை இறக்கும் நெம்புகோலைத் தட்டினால் ஹாமர் பாதுகாப்பாக விழுந்துவிடும். அதன் பிறகு பிஸ்டல் அமைதியாக இருக்கும். முதல் சூட்டுக்கு டிரிகர் நீளமாகவும் கனமாகவும் வரும், பல பிஸ்டல்களில் 5 கிலோ அளவுக்கு. அந்தச் சூட்டில் ஸ்லைடு ஹாமரை ஏற்றிவிடுவதால் இரண்டாவது முதல் எல்லாமே குறுகிய, லேசான இழுப்பு.

குறை எங்கே என்பது தெரிந்ததுதான். முதல் சூடும் இரண்டாவது சூடும் வெவ்வேறு. நீள இழுப்பில் வலது கைக்காரரின் முதல் தோட்டா இடது கீழே போகும், ஏனென்றால் விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுக்குகின்றன. அடுத்து விரல் அதே பலத்தை எதிர்பார்த்து இழுக்க, இம்முறை டிரிகர் பாதி வழியிலேயே ஹாமரை விடுவித்து, இரண்டாவது தோட்டா நினைத்ததற்கு முன்னாலேயே போய்விடும். ஒரு புதியவரின் இலக்குத் தாளைப் பார்த்தால், முதல் தோட்டா தனியாகவும் மற்றவை கூட்டமாகவும் இருக்கும். விளக்கமே தேவைப்படாது.

ஆனாலும் இந்த அமைப்பை எளிதில் ஒதுக்க நான் தயாரில்லை. இதற்கு இரண்டு பலங்கள் உண்டு. ஒன்று, அந்த நீள இழுப்பே ஒரு எச்சரிக்கை. விரல் தெரியாமல் டிரிகர் மேல் போனாலும் சுடுவதற்கு முன் யோசிக்கச் சில மில்லிமீட்டர் கிடைக்கிறது. இரண்டாவது, உறையில் வைக்கும் நேரம். பிஸ்டலை உறைக்குள் இறக்கும்போது கட்டைவிரலை ஹாமர் மேல் வைத்துக்கொண்டால், சட்டையின் ஓரமோ கயிறோ டிரிகரில் சிக்கி இழுத்தால் ஹாமர் பின்னால் எழுவது விரலுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே நிறுத்திவிடலாம். வெளியே ஹாமர் இல்லாத பிஸ்டல்களில் இந்தக் கடைசிக் காவல் வழக்கமாகக் கிடையாது. தினமும் இடுப்பில் மாட்டிக் கழற்றுகிறவர்களுக்கு, சுடும் நேரத்தைவிட உறையில் வைக்கும் நேரமே ஆபத்தானது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் குடும்பத்துக்குள்ளேயே தேர்வு இருக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும். பெரட்டா 92-இன் வழிவந்து 1985-இல் அமெரிக்க ராணுவத்தில் எம்9 ஆன பிஸ்டலில், ஹாமரை இறக்கும் நெம்புகோலே சேஃப்டியாகவும் இருக்கிறது, அதுவும் ஸ்லைடின் மேல். ஸ்லைடைக் கையால் பிடித்து இழுக்கும் அவசரத்தில் அது தெரியாமல் சேஃப்டிக்குப் போய்விடலாம். 1975-இல் சுவிஸ் ராணுவம் ஏற்ற சிக்-சாவர் பி220-இல் நெம்புகோல் ஃபிரேமில், அதாவது பிடியுள்ள நகராத கீழ்ப்பகுதியில், இருக்கிறது, ஹாமரை இறக்கியதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், தனிச் சேஃப்டியே கிடையாது. நினைவில் வைக்க ஒன்று குறைவு. அதே காலத்தில் வந்த செக்கோஸ்லோவாகியாவின் சிஇசட் 75 இரண்டு வழியையும் கொடுத்தது: ஹாமரை ஏற்றிப் பூட்டி 1911 போலவும் வைக்கலாம், இறக்கி வைத்து நீள இழுப்பிலும் தொடங்கலாம். ஆனால் அடிப்படை மாடலில் இறக்கும் நெம்புகோல் இல்லை. தோட்டா உள்ளே இருக்க, டிரிகரை இழுத்துக்கொண்டு கட்டைவிரலால் ஹாமரை இறக்க வேண்டும். குளிரிலோ வியர்வையிலோ அதைச் செய்யச் சொல்லி யாரையும் நான் கேட்க மாட்டேன். இறக்கும் நெம்புகோலோடு வரும் சிஇசட் மாடலும் இருக்கிறது, சுமப்பதற்கு அதுவே மேல்.

சேர்த்துச் சொன்னால், இந்தக் குடும்பத்தில் வாங்குகிறவர் ஃபிரேமில் இருக்கும், தானே திரும்பும் இறக்கு நெம்புகோலைத் தேடட்டும். அப்புறம் பயிற்சி நேரத்தில் பாதியை முதல் சூட்டுக்கே ஒதுக்கட்டும். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் ஹாமரை இறக்கிவிட்டு மறுபடி தொடங்கும் பயிற்சி சலிப்பூட்டும். இந்த டிரிகரைக் கற்க அதைவிட நேர் வழி கிடையாது.

டபுள் ஆக்‌ஷன் மட்டும்

எல்லாச் சூடும் நீள இழுப்பே என்றால் முதல், இரண்டாவது என்ற பிரச்சினை ஒழிந்தது. ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறிய அமெரிக்கக் காவல் துறைகள் 1980களிலும் 1990களிலும் இதை விரும்பின. சட்டப் பொறுப்புக்குப் பயந்த நிர்வாகத்துக்கு நீளமும் கனமும் ஆறுதல் தந்தன. நியூயார்க் நகரக் காவல் துறை கிளாக் பிஸ்டலுக்குக்கூட ஏறக்குறைய 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ, இழுப்புத் தேவைப்படும் கனமான ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கியது.

இதை நான் தவறான பாதை என்றே நினைக்கிறேன். கனமான டிரிகர் பயிற்சிக் குறைவை மறைக்கிறது, தீர்ப்பதில்லை. பிஸ்டலின் எடையே ஒரு கிலோவுக்குக் கீழ். அதை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் எடையைப் போல ஐந்து மடங்கு பலத்தில் இழுக்கச் சொன்னால் குறி கலையத்தான் செய்யும். தவறுதலாகச் சுடுவதைத் தடுக்கப் போய், வேண்டுமென்றே சுடும்போது தவறான இடத்தில் படுவதை அதிகப்படுத்துகிறோம். நகரத் தெருவில் இலக்கைத் தவறிய தோட்டா எங்கே போகும் என்பதுதான் கேள்வி. இழுப்பு நீளமாக இருக்கட்டும், ஆனால் லேசாக இருக்கட்டும் என்ற சமரசமும் உண்டு. ஜெர்மானிய நிறுவனமான ஹெக்லர் அண்ட் கோக்கின் எல்இஎம் டிரிகர் அப்படி. ஸ்லைடு உள்ளே ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவிடுகிறது, விரல் நீளத்தை மட்டும் கடக்கிறது. இந்த வகையில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அதுபோன்றதைப் பார்க்கலாம்.

பிடியை இறுக்கினால் ஏறும் பி7

1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலுக்குப் பிறகு மேற்கு ஜெர்மானியக் காவல் துறைகள் புதிய பிஸ்டலுக்கு நிபந்தனைகள் வகுத்தன: எடுத்தால் உடனே சுட வேண்டும், தனியாகத் தள்ளும் சேஃப்டி இருக்கக் கூடாது, கீழே போட்டால் சுடக் கூடாது. அதற்கு ஹெக்லர் அண்ட் கோக் தந்த பதில் பி7. பிடியின் முன்பக்கம் முழுவதும் ஒரு நெம்புகோல். கையால் இறுக்கினால் ஸ்டிரைக்கர் ஏறும், விட்டால் இறங்கும். இறுக்கப் பலம் வேண்டும், இறுக்கிய பிறகு வைத்திருக்க அவ்வளவு தேவையில்லை. டிரிகர் எல்லாச் சூட்டுக்கும் ஒரே மாதிரி, குறுகியது, சுத்தமானது. கையை விட்டு நழுவிய நொடியில் பிஸ்டல் உறங்கிவிடும்.

பாதுகாப்பை உள்ளங்கையில் வைத்த வடிவங்களில் இதைவிட அழகானதை நான் பார்த்ததில்லை. ஆனால் செய்ய அதிகச் செலவு, தொடர்ந்து சுட்டால் டிரிகருக்கு மேல் பகுதி சூடாகும், பதற்றத்தில் பிடியை இறுக்கும்போது டிரிகர் விரலும் சேர்ந்து மடங்காமல் இருக்கத் தனிப் பழக்கம் வேண்டும். இப்போது உற்பத்தியிலும் இல்லை. தேர்வுப் பட்டியலில் சேர்க்க முடியாததில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஸ்டிரைக்கர்: ஒரே இழுப்பு, எல்லாச் சூட்டுக்கும்

இன்று பெரும்பாலான காவல் துறைகளும் ராணுவங்களும் வந்து நிற்கும் இடம் இது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் காஸ்டன் கிளாக்கின் பிஸ்டலை ஏற்றபோது, பேச்சு எல்லாம் பிளாஸ்டிக் ஃபிரேமைப் பற்றியே இருந்தது. எனக்கு அதன் டிரிகர்தான் பெரிய விஷயம்.

ஸ்லைடு திரும்பி வரும்போது ஸ்டிரைக்கர் பாதி மட்டும் இறுக்கப்பட்டு நிற்கிறது. மீதியை விரல் இழுக்கிறது. இழுப்பின் முடிவில் கனெக்டர் என்ற வளைந்த தகடு, டிரிகரை ஸ்டிரைக்கரோடு இணைக்கும் டிரிகர் பாரைக் கீழே தள்ளிவிட, ஸ்டிரைக்கர் விடுபடுகிறது. இழுப்பு ஏறக்குறைய 2.5 கிலோ, நீளம் 12 மி.மீட்டருக்குச் சற்று மேல், முதல் தோட்டாவிலிருந்து கடைசித் தோட்டா வரை மாற்றமில்லை. தள்ள வேண்டிய சேஃப்டி எதுவும் இல்லை. டிரிகரின் நடுவில் ஒரு சின்னத் தகடு, விரல் அதை அழுத்தாவிட்டால் டிரிகர் நகராது. உள்ளே ஃபயரிங் பின் தடை ஒன்று, டிரிகர் பார் தானாகக் கீழே நழுவாமல் தாங்கும் விளிம்பு ஒன்று. மூன்றும் விரல் இழுக்கும் அதே அசைவில் வரிசையாக விலகி, விரலை விட்டதும் திரும்பிவிடும்.

இவற்றில் பல யோசனைகள் புதியவை அல்ல. 1907-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியக் குதிரைப்படை ஏற்ற ராத்-ஸ்டெயர் பிஸ்டலில் இதே பாதி இறுக்கம் இருந்தது, குதிரை மேல் தவறிச் சுடுவதைத் தவிர்க்க. டிரிகருக்குள் டிரிகர் என்பதை ஐவர் ஜான்சன் ரிவால்வர்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காணலாம். அதே ஆஸ்திரிய மண்ணில் 75 ஆண்டு கழித்து இவை ஒன்று சேர்ந்தன என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

கற்றுக்கொள்ள எளிது என்பதே இதன் பெரும் பலம். ஒரே இழுப்பைக் கற்றால் போதும். சுட்டதும் விரலை முழுவதும் எடுக்காமல், ரீசெட் தட்டும் இடம் வரை மட்டும் விட்டு மறுபடி அழுத்தினால் வேகமும் துல்லியமும் சேர்ந்து வரும். வெறும் பிஸ்டலில் இதைப் பழகலாம்: தோட்டா அறையையும் மேகசினையும் இருமுறை சரிபார்த்துவிட்டு, டிரிகரை இழுத்துப் பிடித்தபடி மற்றக் கையால் ஸ்லைடை இழுத்து விட்டு, விரலை மெல்ல முன்னால் விடுங்கள். தட்டும் இடம் தெளிவாகத் தெரியும்.

பலவீனங்களையும் நேராகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு முழுவதும் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. விரல் என்றால் விரல் மட்டுமே இல்லை, டிரிகரைத் தொடும் எதுவும். தளர்ந்த உறையின் மடிப்பும் சட்டை முனையும் அந்தச் சின்னத் தகட்டை அழுத்தும். ஆகவே டிரிகரை முழுவதும் மூடும் விறைப்பான உறை கட்டாயம். இன்னொன்று, கிளாக்கைப் பிரிக்க முதலில் டிரிகரை இழுக்க வேண்டும். தோட்டா அறையைப் பார்க்காமல் இழுத்தவர்களால் நடந்த விபத்துகள் இந்த வடிவத்தின் மேல் வைக்கப்படும் நியாயமான குற்றச்சாட்டு. ஸ்மித் அண்ட் வெசனின் எம்&பி, டிரிகரை இழுக்காமலே பிரிக்க ஒரு சிறு நெம்புகோல் வைத்திருக்கிறது. பலர் கையில் மாறி மாறிப் போகும் பிஸ்டலுக்கு இந்த வசதியை நான் பெரிதாக மதிப்பேன்.

அடுத்த தலைமுறை ஸ்டிரைக்கர் பிஸ்டல்களில் சில, பாதிக்குப் பதிலாக முழுவதும் இறுக்கிய ஸ்டிரைக்கரோடு வருகின்றன. டிரிகர் சுத்தமாகிறது, ஆனால் தத்துவத்தில் அது சிங்கிள் ஆக்‌ஷனுக்குத் திரும்பிவிட்டது. சிலர் அதை உணர்ந்து பாதுகாப்பையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள்: குரோஷியாவின் எச்எஸ்2000-இல் 1911 போலவே பிடிச் சேஃப்டி உண்டு. 2017-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17, சிக்-சாவர் பி320-இன் வடிவம். ராணுவம் அதில் கட்டைவிரல் சேஃப்டியைக் கேட்டு வாங்கியது.

அதே 2017-இல், பொதுச் சந்தையில் இருந்த பி320 குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தால் சுடக்கூடும் என்பது சோதனைகளில் வெளியாயிற்று. பிஸ்டல் தரையில் மோதி நின்றுவிட, டிரிகர் மட்டும் தன் எடையால் நகர்ந்துகொண்டே போனதுதான் காரணம். அதில் டிரிகர் நடுவே தகடு இல்லை. நிறுவனம் இலவச மாற்றத்தை அறிவித்து, இலேசான டிரிகரும் புதிய சியரும் ஸ்டிரைக்கரும் கூடுதல் டிஸ்கனெக்டரும் பொருத்தித் தந்தது. கிராம் கணக்கில் இருக்கும் ஒரு துண்டின் எடைகூட பாதுகாப்பில் கணக்கு என்பதற்கு இது ஆவணமான உதாரணம். ஆகவே முழுவதும் இறுக்கிய ஸ்டிரைக்கர் என்றால், விழும்போது டிரிகரைத் தடுப்பது எது, ஃபயரிங் பின்னைத் தடுப்பது எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வராத பிஸ்டலைத் தொட வேண்டாம்.

சரி, யார் எதை எடுப்பது?

துல்லியப் போட்டிக்கு என்றால் விவாதமே இல்லை, சிங்கிள் ஆக்‌ஷன். பன்னாட்டு சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் 25 மீட்டர் போட்டிகளில் டிரிகர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும். சோதனை மேசையில் குழலை வானம் பார்த்து நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு மெல்லத் தூக்குவார்கள். கல் எழும்ப வேண்டும், டிரிகர் விடுபடக் கூடாது. அந்த எல்லைக்கு மிக அருகில் டிரிகரை வைக்க ஆசைப்படாதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்து, போட்டியன்று காலையில் கல் விழுந்தால் அத்தனை நாள் பயிற்சியும் வீண். 50 கிராமாவது கூட வைத்திருப்பது நல்லது. ஐபிஎஸ்சி (பன்னாட்டு செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பு) நடத்துவது போன்ற செயல்முறைச் சுடுதலில் எந்தப் பிரிவு என்று முதலில் முடிவெடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பெரிதும் மாற்றாத பிஸ்டல்களுக்கான தயாரிப்புப் பிரிவில் சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் உள்ள பிஸ்டலுக்கு இடமில்லை. அங்கே சிஇசட் வகையா ஸ்டிரைக்கரா என்பதே உண்மையான தேர்வு. முதல் சூட்டின் நீள இழுப்பைக் கற்கத் தயார் என்றால் சிஇசட், ஏனென்றால் மீதி எல்லாச் சூட்டும் சிங்கிள் ஆக்‌ஷனில் கிடைக்கும்.

குறைந்த பயிற்சி நேரம் உள்ள பெரிய படைக்கு, பாதி இறுக்கிய ஸ்டிரைக்கர், வழக்கமான எடை இழுப்பு, விறைப்பான உறை. கனமான ஸ்பிரிங்குக்குச் செலவிடும் யோசனையை உறைக்கும், உறையில் வைக்கும் பயிற்சிக்கும் திருப்புங்கள்.

வாரந்தோறும் பயிற்சி செய்கிறவர், ஆனால் ஆட்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்திக் கைது செய்ய வேண்டிய வேலை என்றால், ஃபிரேமில் இறக்கு நெம்புகோல் உள்ள டபுள் ஆக்‌ஷன்/சிங்கிள் ஆக்‌ஷனை இன்றும் சிபாரிசு செய்வேன். நடுங்கும் கைகளோடு நீண்ட நிமிடங்கள் ஒருவரை நோக்கி நிற்கும்போது, அந்த நீள முதல் இழுப்பின் மதிப்பு புரியும். இது பழைய காலத்துக் கருத்து என்று பலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

எதை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை: சியரை உரசித் தேய்த்து டிரிகரை லேசாக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். ஹாமரும் சியரும் பிடித்துக்கொள்ளும் விளிம்பு அரை மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். கோணம் சற்றுத் தவறினால் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று தோட்டா போகும். அந்தத் தொழில் தெரிந்த துப்பாக்கிப் பணியாளரிடம் விடுங்கள்.

கடைசியாகக் கையின் அளவு. காகிதத்தில் செய்த ஒப்பீடு எல்லாம் இதற்குப் பிறகுதான். காலிப் பிஸ்டலைச் சரிபார்த்துக்கொண்டு, குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கப் பிடியுங்கள். பிடியை மாற்றாமல் ஆள்காட்டி விரலில் நுனிக்கும் முதல் மூட்டுக்கும் இடையே உள்ள நடுப்பகுதி டிரிகரில் உட்கார வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால் இழுக்கும்போது பிஸ்டல் ஒருபக்கம் தள்ளப்படும். டபுள் ஆக்‌ஷனில் டிரிகர் முன்னால் தள்ளி நிற்பதால் சிறிய கைகளுக்கு இந்தச் சிக்கல் முதலில் அங்கேதான் தெரியும். அப்படியென்றால் பிடியின் பின்பக்கத்தை மாற்றக்கூடிய மாடலைப் பாருங்கள், அல்லது டிரிகர் நெருக்கமாக இருக்கும் வகைக்குப் போங்கள். அமெரிக்க ராணுவமே 1920களில் 1911-ஐ 1911ஏ1 ஆக மாற்றியபோது டிரிகரைக் குட்டையாக்கி, விரல் எட்டுவதற்கு அதன் பின்னால் ஃபிரேமின் இருபுறமும் குடைந்தது.